கலப்பைக் குறி

புணே நகரின் சதாசிவப் பேட்டையில் வாழ்ந்துவந்த ஒரு குடும்பத்தின் பரணில் இரும்பு டிரங்குப் பெட்டி ஒன்று இருந்தது. 1948 முதல் அக்குடும்பம் மாறிய ஒவ்வொரு வாடகை வீட்டுக்கும் அதுவும் உடன் சென்றது. காந்தியடிகள் கொலையுண்ட பிறகு மேற்கு மகாராட்டிரத்தின் ஊர்கள் பலவற்றில் பிராமணர் வீடுகள் எரிக்கப்பட்டபோது, கிராமத்திலிருந்து புணேக்குப் பெயர்ந்த அக்குடும்பத்தின் மூத்தவர் எடுத்துவர முடிந்தவை மூன்றுதாம்: பூசைச் சாமான்கள், செம்புப் பாத்திரங்கள் சில, இப்பெட்டி. பெட்டியில் என்ன இருக்கிறது என்று வீட்டில் எவருக்கும் சரியாகத் தெரியாது. ஆண்டுக்கொருமுறை திறந்து, வேப்பிலையும் வசம்பும் மாற்றி, மீண்டும் மூடிவிடுவார்கள்.

பெட்டியின் இப்போதைய உரிமையாளர் வங்கியில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். வயது எழுபத்து நான்கு. அவருடைய முன்னோர் கிராமக் குல்கர்ணிகள். தமிழ்நாட்டுக் கர்ணத்தைப் போல நிலவரிக் கணக்கெழுதும் பரம்பரைப் பதவி அது. 1950ஆம் ஆண்டின் பம்பாய் மாகாணச் சட்டம் அப்பதவியை ஒழித்தது. பதவி போயிற்று, கணக்கு மட்டும் பெட்டிக்குள் எஞ்சியது. தமக்குப் பின் அதைப் பேணுவார் இல்லை என்பதை உணர்ந்த அவர், நகரத்து ஆவணக் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட முடிவுசெய்தார். கல்லூரியில் பொருளியல் கற்பிக்கும் அவர் மகள் காப்பகத்தாரிடம் பேசி நாளும் குறித்துவிட்டார். காகிதங்களைத் தூசு தட்டி ஒப்படைத்தால் போதும் என்றே இருவரும் எண்ணியிருந்தனர்.

பெட்டிக்குள் துணியில் பொதிந்து முடிச்சிட்ட பதினொரு கட்டுகள் இருந்தன. மராத்தியில் அத்தகைய கட்டுக்கு ருமால் என்று பெயர். அவற்றுள் முத்திரையிட்ட சனதுகள், மானிய நிலத் தாள்கள், நாள்வழிக் கணக்குகள், பேரேடுகள், திருமணச் செலவுப் பட்டியல்கள், சாதகங்கள், கடிதங்கள் எல்லாம் கிடந்தன. பழையவை அனைத்தும் மோடி எழுத்தில் இருந்தன. நாணற்பேனாவை அதிகம் எடுக்காமல் விரைந்து எழுதுவதற்கென்று அமைந்த எழுத்து அது. முதலில் தாளின் குறுக்கே கோடு இழுத்து, அக்கோட்டில் தொங்குவதுபோல் எழுத்துகளைத் தொடுப்பார்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இராது. குறில் நெடில் வேறுபாடும் பெரும்பாலும் இராது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அது பள்ளிகளை விட்டு நீங்கியது. அதன்பின் பிறந்த மராத்தியருக்குத் தம் கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்தே அயல்மொழிபோல் ஆயிற்று. தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் மராத்தியர் கால ஆவணங்களைக் கண்ட தமிழ் மாணவர்கள் இவ்வெழுத்தை அறிந்திருப்பார்கள்.

பெரியவர் மேசைமேல் மூன்று குவியல்கள் அமைத்தார். காப்பகத்துக்குக் கொடுக்கத் தக்கவை ஒன்று. வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை ஒன்று. எவருக்கும் பயன்படாதவை ஒன்று. சனதுகள் முதல் குவியலுக்குச் சென்றன. சாதகங்கள் இரண்டாவதில் சேர்ந்தன. அவருடைய பாட்டி பழைய நாள்காட்டிகளின் பின்புறத்தில் எழுதிவைத்த மளிகைக் கணக்கும், பால்காரிக்குக் கொடுத்த முன்பணக் குறிப்பும் மூன்றாவது குவியலில் விழுந்தன.

இவ்வாறு பிரிக்கும் வழக்கம் அவரோடு தொடங்கியதன்று. மராட்டிய வரலாற்றாராய்ச்சியின் தொடக்கமே வீட்டுக் காகிதங்களைத் தேடி அலைந்த மனிதர்களிடம் இருக்கிறது. விஸ்வநாத் காசிநாத் ராஜவாடே ஊர் ஊராகச் சென்று, பழைய குடும்பங்களின் பரண்களிலிருந்து காகிதங்களைத் திரட்டினார். மராட்டியர் வரலாற்றுக்கான சான்றுகள் என்னும் பொருள்படும் தலைப்பில் அவர் வெளியிட்டவை 22 தொகுதிகள். முதல் தொகுதி 1898இல் வந்தது. மூன்றாம் பானிபட் போரில் முடியும் காலத்துக் கடிதங்கள் அதில் உள்ளன. 1910இல் புணேயில் பாரத இதிகாச சம்சோதக மண்டளம் உருவாக முன்னின்றவரும் அவரே. 1926இன் கடைசி நாளில் அவர் துளேயில் இறந்தார். மறு ஆண்டே அந்நகரில் அவர் பெயரால் ஓர் ஆராய்ச்சி மண்டளம் எழுந்தது. அரசு அலுவலகங்களுக்கு வெளியே, வீடுகளுக்குள்ளும் வரலாறு இருக்கிறது என்பதை அவருடைய கால்கள் நிறுவிக் காட்டின.

வீடுகள் எளிதில் திறந்துவிடவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. 1852ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய் மாகாணத்தில் இனாம் ஆணையம் நிலமானிய உரிமைகளைச் சோதித்தபோது, காகிதம் காட்டியவர்களிலும் பலர் நிலம் இழந்தனர். வீட்டுத் தாளை அயலானிடம் காட்டுவது ஆபத்து என்னும் அச்சம் அதன்பின் தலைமுறைகளாக நிலைத்தது. அச்சம் நீங்கித் திறந்த வீடுகளிலும் முதலில் தேடப்பட்டவை பெரும்பாலும் அரசியல் கடிதங்களே. படையெடுப்பு, தூது, உடன்படிக்கை ஆகியவற்றைச் சொல்பவை. கடன் பத்திரமும் நாள்வழிக் கணக்கும் அச்சேற நெடுங்காலம் காத்திருந்தன. ஹிரோஷி ஃபுகசாவா போன்றோர் தக்காணத்து உழவர் வாழ்வை எழுத முற்பட்டபோதுதான் இத்தகைய ஊர்க் காகிதங்களின் மதிப்பு விளங்கத் தொடங்கியது.

ஒப்படைப்பதற்கு முன் என்ன கொடுக்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என மகள் கருதினார். புணேயில் மோடிப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. அவ்வாறு கற்றுத் தேர்ந்த ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் வாரம் இருமுறை வீட்டுக்கு வந்து படித்துச் சொன்னார். மகள் அதைத் தேவநாகரியில் எழுதிக்கொண்டார். ஏழாவது ருமாலை அவிழ்த்த நாளில்தான் நான்கு கடன் பத்திரங்களும் ஒரு கிரயப் பத்திரமும் வெளிப்பட்டன.

நான்கு பத்திரங்களிலும் கடன் வாங்கியவர் ஒருவரே. அதே ஊரின் குணபி உழவர். சக ஆண்டு 1785இல், அதாவது 1863இல், அவர் 50 ரூபாய் வாங்கியிருந்தார். வட்டி மாதம் நூற்றுக்கு இரண்டு. 1866இல் எழுதப்பட்ட பத்திரத்தில் முதல் 86 ரூபாய். 1869இல் 148. 1872இல் 254. கிரயப் பத்திரம் 1874க்குரியது. அவருடைய நிலம் அக்கடனுக்கு ஈடாகக் குல்கர்ணிக்கு விற்கப்பட்டதாக அது கூறியது. ஒவ்வொரு தாளின் அடியிலும், கையொப்பம் இருக்க வேண்டிய இடத்தில், சிறியதாக ஒரு கலப்பை வரையப்பட்டிருந்தது. எழுத்தறியாத உழவர் பெயருக்குப் பதில் கலப்பைக் குறி இடுவது மராட்டிய ஆவணங்களில் பழைய வழக்கம்.

பெரியவருக்கு அந்த நிலம் தெரியும். ஊரார் இன்றும் அதை அந்த உழவர் குடும்பத்தின் பெயராலேயே அழைக்கிறார்கள். சிறுவனாக இருந்தபோது, நம் நிலத்துக்கு ஏன் வேறொருவர் பெயர் என்று தந்தையிடம் கேட்டிருக்கிறார். முன்னோர் உழைத்து வாங்கியது, பழைய பெயர் ஒட்டிக்கொண்டது என்பதே கிடைத்த விடை.

மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப் பத்திரம் ஏன் எழுதப்பட்டது என்பதை மகள் உடனே புரிந்துகொண்டார். 1859ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின்படி கடன் பத்திரம் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். வட்டி கட்டுக்கடங்காமல் பெருகுவதைத் தடுக்க வந்த சட்டம் அது. கடன் கொடுப்போர் அதையே கருவியாக்கினர்: மூன்றாண்டு முடிவில் செலுத்தாத வட்டியை முதலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி வாங்கினர், சேர்ந்த தொகைக்கு மீண்டும் வட்டி ஓடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் இந்தியப் பருத்திக்கு விலையேறிய 1860களின் தொடக்கத்தில் தக்காணத்து உழவருக்குக் கடன் தாராளமாகக் கிடைத்தது. 1865இல் போர் முடிந்தது, பருத்தி விலை வீழ்ந்தது, கடன் வாயில் அடைபட்டது, நிலவரியோ உயர்ந்தது.

1875 மே 12 அன்று, புணே மாவட்டத்துச் சூபே என்னும் சந்தையூரில் சுற்றுவட்டார உழவர் திரண்டனர். கடைகளைச் சூழ்ந்து, கணக்குப் புத்தகங்களையும் கடன் பத்திரங்களையும் கேட்டு வாங்கி எரித்தனர். கலகம் அகமதுநகர் மாவட்டத்துக்கும் பரவியது. பள்ளிப் பாடநூல்களிலும் இடம்பெற்றுள்ள தக்காணக் கலகம் இதுவே. தாக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து குடியேறிய மார்வாடி, குஜராத்தி வணிகர்கள். உள்ளூர்ப் பிராமணரின் பத்திரங்கள் பெரும்பாலும் தப்பின. ஏழாவது ருமால் நெருப்பில் விழாமற்போனதற்கு அதுவே காரணமாகலாம். அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. அதன் அறிக்கை 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குச் சென்றது. நிலவரிச் சுமை கலகத்துக்குக் காரணமன்று என்று அது கூறியது. மறு ஆண்டு தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. எழுத்தறியாத உழவர், எழுதத் தெரிந்த கணக்கரிடமும் கடன் கொடுப்போரிடமும் சிக்கிக்கொண்ட விதத்தைச் சோதிராவ் பூலே 1883இல் நிறைவுசெய்த விவசாயியின் சவுக்கு என்னும் நூலில் எடுத்துரைத்தார்.

இவையெல்லாம் நூல்களில் உள்ளவை. அதே ருமாலில் இருந்த நாள்வழிக் கணக்கு, நூல்களில் இல்லாத ஒன்றைச் சொன்னது. 1864 முதல் 1872 வரை அவ்வுழவரின் பெயரில் பதினேழு வரவுகள் அதில் இருந்தன. சோளம் இரண்டு மணங்கு. நெய் நான்கு சேர். ரொக்கம் ஆறு ரூபாய். குல்கர்ணி வாங்கிக்கொண்டதைத் தம் கைப்பட எழுதிவைத்திருக்கிறார். கடன் பத்திரங்களிலோ அவற்றுள் ஒன்றுகூடக் கழிக்கப்படவில்லை. கட்டிய பணத்துக்குச் சீட்டுக் கொடுப்பதில்லை என்பது 1875இல் உழவர் ஆணையத்திடம் கூறிய முறையீடுகளுள் ஒன்று. அம்முறையீட்டின் உண்மை, கொடுக்காத சீட்டுக்குரியவரின் வீட்டிலேயே நூற்றைம்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்திருக்கிறது.

அன்றிரவு பெரியவர் உறங்கவில்லை. வாழ்நாளெல்லாம் வட்டி கணக்கிட்ட மனிதர் அவர். நாள்வழியில் இருந்த சோள விலையையே கொண்டு ஒவ்வொரு வரவையும் ரூபாயாக்கி, உரிய தேதியில் கழித்து, பத்திரத்தில் கண்ட அதே வட்டியில் கணக்குப் போட்டார். 1872இல் நிலுவை நூறு ரூபாய்க்கும் கீழே நின்றது. மூன்று முறை சரிபார்த்தார். விடியற்காலையில் ஐந்து பத்திரங்களையும் ருமாலிலிருந்து எடுத்து, வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டிய குவியலில் சாதகங்களுக்கு அடியில் வைத்தார்.

செய்தி உறவினரிடையே பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. அண்ணன் மகன் தொலைபேசியில் கடிந்துகொண்டார்: "சித்தப்பா, 1877 பஞ்சத்தில் ஊருக்குத் தானியம் கொடுத்த குடும்பம் என்றுதானே நம்மை எல்லாரும் சொல்கிறார்கள்? சனதைக் கொடுங்கள், தானியப் பட்டியலைக் கொடுங்கள். இதை ஏன் கொடுக்க வேண்டும்?" தானியப் பட்டியலும் பெட்டியில் இருந்தது, அதுவும் உண்மையே. பஞ்சத்தில் கொடுத்த கையும் பத்திரம் எழுதிய கையும் ஒன்றுதான் என்பதே பெரியவரை வருத்தியது. மகள் எதையும் வற்புறுத்தவில்லை. "பாபா, ஒன்றைக் கொடுத்து மற்றதை மறைத்தால் கொடுத்ததும் பொய்யாகிவிடும்" என்று மட்டும் ஒருமுறை சொன்னார்.

காப்பகத்தின் அலுவலர் பெட்டியைப் பார்க்க வந்தபோது மேசைமேல் இருந்த மூன்று குவியல்களைக் கண்டு சற்றுநேரம் பேசாதிருந்தார். பிறகு, எந்தத் தாள் எந்த ருமாலில் இருந்தது என்று நினைவிருக்கிறதா என வினவினார். மகளின் படியெடுப்புக் குறிப்பில் அது வரிசையாக இருந்ததால் பெரும்பகுதியை மீட்க முடிந்தது. ஆவணவியலின் முதல் விதிகள் இரண்டு: ஓரிடத்துக் காகிதத்தை வேறிடத்துக் காகிதத்தோடு கலக்கலாகாது, உரியவர் வைத்திருந்த ஒழுங்கைக் குலைக்கலாகாது. கடன் பத்திரத்தைத் தனியே படிப்பவருக்கு அது சட்டப்படி முறையான ஓர் ஒப்பந்தம். நாள்வழியைத் தனியே படிப்பவருக்கு அது சோளமும் நெய்யும் வந்த குறிப்பு. இரண்டும் ஒரே துணியில் கட்டப்பட்டிருந்ததனால்தான் உண்மை வெளிப்பட்டது. முடிச்சை அவிழ்த்து நல்லது, தீயது, குப்பை என்று பிரிப்பவர், ஒரு தாளையும் கிழிக்காமலே சான்றை அழித்துவிடக்கூடும்.

பாட்டியின் மளிகைக் கணக்கையும் அலுவலர் கேட்டு வாங்கிக்கொண்டார். பெண்கள் எழுதியது பெரும்பாலும் இத்தகைய தாள்களில்தான் இருக்கிறது. குடும்பங்கள் முதலில் எறிவதும் அதைத்தான். எழுத்தாளர் அம்பை உள்ளிட்டோர் 1988இல் மும்பையில் நிறுவிய ஸ்பேரோ ஆவணக் காப்பகம், பெண்களின் வாழ்வுக்கென்றே தனிக் காப்பகம் வேண்டியிருந்ததற்குச் சான்று.

ஐந்து பத்திரங்களைப் பற்றி அலுவலர் வாதிடவில்லை. விரும்பினால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அவற்றைப் பார்வைக்குத் தராமல் மூடிவைக்கலாம் என்றும், கொடை ஒப்பந்தத்தில் அதற்கு இடமுண்டு என்றும் கூறினார். 1993ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம் அரசு ஆவணங்களைக் காப்பதற்கானது. தனியாரிடமிருந்து வரலாற்று மதிப்புள்ளவற்றைத் தேசிய ஆவணக் காப்பகம் கொடையாகவோ விலைக்கோ பெறலாம் என்றுதான் அது கூறுகிறது. எதைக் கொடுப்பது என்பதைக் குடும்பமே தீர்மானிக்கிறது. இந்தியச் சிற்றூர்களின் வரலாற்றில் பெரும்பகுதி இவ்வாறு ஏதோ ஒரு வீட்டு மேசையின் குவியல்களுக்கிடையே காத்துக்கிடக்கிறது.

பெரியவர் ஒரு வாரம் அவகாசம் கேட்டார். அந்த வாரத்தில் அவர் செய்தது ஒன்றே: பத்திரங்களின் படிகளையும் மகள் எழுதிய தேவநாகரிப் படியெடுப்பையும் எடுத்துக்கொண்டு ஊருக்குச் சென்றார். நிலம் இப்போது அவர்களுடையதன்று. அதை இழந்த உழவரின் வழியினர் அதே நிலத்தில் குத்தகைக்கு உழுது வந்தனர். உழுபவருக்கே நிலம் என்னும் குத்தகைச் சட்டம் 1957 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபோது அது அவர்களிடமே திரும்பியது. ஆகவே அவர் கையிலிருந்த காகிதத்தால் எவருக்கும் ஒரு குழி நிலமும் கூடவோ குறையவோ போவதில்லை. அந்த வீட்டு வாசலில் நின்றபோது, தாம் எதற்காக வந்திருக்கிறோம் என்று அவருக்கே விளங்கவில்லை என்று பின்னர் மகளிடம் கூறினார்.

அவ்வீட்டின் மூதாட்டி அவரை உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். கணக்கை அவர் விளக்கியபோது குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "பத்திரங்களையெல்லாம் சூபே சந்தையில் எரித்துவிட்டதாகத்தான் என் மாமியார் சொல்வார்." எரிந்ததாக ஒரு குடும்பம் நம்பிவந்தது, இன்னொரு குடும்பம் தான் அறியாமலே அதைக் காத்துவந்தது. எரிந்தவை வேறு பத்திரங்களாக இருக்கலாம். அவ்வுழவர் அந்த மே மாதத்தில் சூபேயில் நின்றிருக்கவும் கூடும். மூதாட்டியின் பேரன் படியை வாங்கிக் கலப்பைக் குறியைக் கைபேசியில் படம் எடுத்தான். அந்த வீட்டில் மூன்று தலைமுறைக்கு முந்தைய காகிதம் என்று எதுவும் இல்லை. அவர்களுடைய முன்னோரின் கை பட்டதாக இவ்வுலகில் எஞ்சியிருப்பவை ஐந்து கலப்பைகள். ஐந்தும் அவர் நிலத்தை இழந்த தாள்களிலேயே இருக்கின்றன.

கலகக்காரர் காகிதத்தை ஏன் எரித்தனர் என்பதை ரணஜித் குஹா 1983இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்திருக்கிறார். எழுத்தே ஆதிக்கத்தின் கருவியாக இருந்த இடத்தில், எழுத்தை அழிப்பது விடுதலையின் செயல். சூபேயில் எரிந்த பத்திரங்களுக்காக எந்த வரலாற்றாசிரியரும் அவ்வுழவரைக் குறைகூற முடியாது. ஆனால் கடன் செல்லாதொழிந்து, நிலமும் திரும்பிய பிறகு, அதே தாளின் தொழில் மாறிவிடுகிறது. கட்டிவைத்த கயிறு இப்போது, கட்டப்பட்டிருந்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்கு ஒரே சான்று. அன்று அதை எரிக்க உழவருக்கு நியாயம் இருந்தது. இன்று அதை மறைக்கக் குல்கர்ணியின் பேரனுக்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை.

பதினொரு ருமால்களும் காப்பகத்துக்குச் சென்றன. ஏழாவது ருமால் பழைய ஒழுங்கின்படியே கட்டப்பட்டிருந்தது. மூடிவைக்கும் நிபந்தனை எதையும் பெரியவர் விதிக்கவில்லை. அண்ணன் மகனின் வருத்தம் இன்னும் தீரவில்லை; குடும்பத் திருமணம் ஒன்றில் இருவரும் பேசாமலே உணவருந்தினர். பெரியவர் அதை எதிர்பார்த்தே இருந்தார்.

காப்பகத்தில் துருப்பிடித்த ஊசிகள் நீக்கப்பட்டன, முன்பு எவரோ ஒட்டிய பசைநாடாக்கள் மெல்லப் பிரிக்கப்பட்டன, அமிலமற்ற அட்டைப் பெட்டிகளுக்குள் தாள்கள் மாறின, மின்படிகள் எடுக்கப்பட்டன. இவற்றுள் பலவற்றை வீட்டிலும் செய்யலாம். தாளைப் பிளாஸ்டிக்கில் அடைத்து ஒட்டாதிருத்தல், பசைநாடாவைத் தவிர்த்தல், உலர்ந்த இடத்தில் தட்டையாக வைத்தல், எந்தத் தாள் எங்கிருந்தது என்று எழுதிவைத்தல், பிரிப்பதற்கு முன் படம் எடுத்தல் ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக, படித்தறியும் வரை எதையும் குப்பை என்று சொல்லாதிருக்க வேண்டும்.

ஒப்படைத்த நாளில் பெரியவர் இரண்டு வேண்டுகோள்கள் வைத்தார். தாம் கையால் எழுதிய ஒரு பக்கக் குறிப்பை ஏழாவது ருமாலோடு சேர்க்க வேண்டும் என்பது முதலாவது. அதில் நிலத்தின் ஊர்வழக்குப் பெயர், நாள்வழியைக் கொண்டு தாம் போட்ட கணக்கு, பத்திரங்கள் எரிந்துவிட்டதாக அக்குடும்பம் தலைமுறைகளாகச் சொல்லிவந்த செய்தி ஆகிய மூன்றும் இருந்தன. எது சரி என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை.

இரண்டாவது, அட்டவணை பற்றியது. குடும்பக் காகிதங்கள் வழக்கமாகக் கொடுத்தவரின் பெயராலேயே பதிவாகின்றன. தாளுக்குள் இருக்கும் மற்றவர்கள் அப்பெயருக்குப் பின்னால் மறைந்துபோகிறார்கள். தேடுபவர் குல்கர்ணியின் பெயரைத் தேடினால் கிடைப்பதுபோல், அவ்வுழவரின் பெயரைத் தேடினாலும் ஏழாவது ருமால் கிடைக்க வேண்டும் என்று அவர் கேட்டார். அலுவலர் இசைந்தார். இப்போது அட்டவணையில் இரண்டு பெயர்களும் இருக்கின்றன. உழவரின் பெயருக்கு எதிரே, கையொப்பம் என்னும் பத்தியில், கலப்பைக் குறி என்று பதிவாகியுள்ளது.